பரிமளாவின் கதையில் பரிமளா இல்லை

கைதட்டல் சத்தத்தைக் கேட்டு உங்களுக்கு எப்போதாவது கோபம் வந்திருக்கிறதா? எனக்குப் போன மாதம் வந்தது. ஹால் முழுக்கத் தட்டினார்கள். சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். நானோ இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

எதற்கு இத்தனை கோபம்? சொல்கிறேன்.

டெக்ஸஸில், பிளானோவைத் தாண்டி வடக்கே, புதிதாக முளைத்த ஊர் எங்களுடையது. கார் இருந்தால் இங்கே நீங்கள் மனிதர். இல்லாவிட்டால் வீட்டுச் சாமான். பஸ் கிடையாது. நடக்கலாம் என்றால், சைட்வாக் என்கிற சாலையோர நடைபாதை ஓரிடம் வரை ஒழுங்காக வரும்... பிறகு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். அதற்கு மேல் புல், சாக்கடை மேடு, பக்கத்தில் பறக்கிற லாரிகள்.

இந்த ஊரில்தான் பரிமளா பெண்களுக்கு டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறார். ஈரோட்டுப் பக்கம். ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் கணவர் சிவகுமாரோடு டிபெண்டென்ட் விசாவில் வந்தவர். மூடிப்போன ஒரு கடையின் பார்க்கிங் லாட்டில், ஞாயிறு காலைகளில் வகுப்பு. தமிழ், தெலுங்கு, நேபாளப் பெண்கள், அவர் அப்பார்ட்மெண்டின் கீழ்த்தளத்தில் இருக்கும் மெக்ஸிகோக்காரி மரியா — யார் வந்தாலும் சொல்லித்தருவார். ஒருத்திக்கு விசா நீட்டிப்பு தாமதமாகிறது, கூடவே லைசென்ஸும் காலாவதியாகிறது என்று வையுங்கள். அவள் குழந்தையை டாக்டரிடம் யார் கூட்டிப்போவது? அதற்கும் பரிமளா ஒரு வாட்ஸாப் குரூப் வைத்திருக்கிறார்.

இப்படிப்பட்டவர்களைத் தேடுகிற ஒரு தொண்டு அமைப்பு எங்கள் பக்கம் வந்தது. வெள்ளையர் அல்லாத மக்கள் நடுவே சத்தமில்லாமல் நல்லது செய்கிறவர்களைக் கண்டுபிடித்து, அவர்கள் கதையைப் படமெடுத்து ஊருக்குக் காட்டுவார்கள். கூடவே ஓர் உதவியும் உண்டு. பரிமளாவுக்கு அவர்கள் தருவதாகச் சொன்னது ஒரு பயிற்சிக் கார். சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அந்த வகை. பரிமளாவின் கண்கள் விரிந்ததை நான் பார்த்தேன்.

பேட்டியைத் தமிழிலேயே கொடுக்க விரும்பினார். மொழிபெயர்க்க நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதனால் அவர் என்ன சொன்னார் என்பதற்கு நானே சாட்சி.

"அப்ப எனக்கு ஓட்டத் தெரியாதுங்க. ஸ்ட்ரோலர்ல கொழந்தையப் போட்டு கடைக்குத் தள்ளிட்டுப் போனேன். சைட்வாக் நின்னு போச்சு. புல்லு மேல தள்றேன். ஒரு பிக்கப் டிரக் பக்கத்துல வந்து ஸ்லோ பண்ணுச்சு. வழி கேக்கறாங்கன்னு நெனச்சு சிரிச்சனுங்க. ஐஸ் போட்ட சோடாவ மூஞ்சில வீசிட்டு, உங்க ஊருக்குப் போன்னு கத்திட்டுப் போய்ட்டான். கொழந்த மேலயும் கொட்டிருச்சு."

அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் கெல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல பெண்தான். பொய்க் கண்ணீர் இல்லை.

"அன்னைக்கே இவருகிட்ட சொன்னேன், எனக்கு ஓட்டச் சொல்லிக்குடுங்கன்னு. மொத மொத ஃப்ரீவேல ஏறும்போது ரொம்ப பயந்துட்டனுங்க. இவருதான் பக்கத்துல உக்காந்து, மெதுவாப் போ, மெதுவாப் போன்னு தைரியம் சொன்னாரு."

பிறகு லைசென்ஸ் பற்றி, பாதியில் நிற்கிற சைட்வாக் பற்றி, அதை முடித்துத்தரக் கேட்டு நகராட்சிக்கு எழுதிய மெயில்களுக்குப் பதிலே வராதது பற்றி... நிறையப் பேசினார். கேமராக்காரர் தலையாட்டிக்கொண்டே எடுத்தார்.

அடுத்தது 'ஷாட்'. பரிமளா எப்போதும் ஜீன்ஸும் டீஷர்ட்டும்தான். பட்டுச்சேலை இருக்குமா என்றார்கள். கட்டிவந்தார். தோசை வார்க்கச் சொன்னார்கள். வார்த்தார். சிவகுமாரை வாசல் கதவைத் திறந்து வெளியே பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போகச் சொன்னார்கள். "சும்மா ஒரு ஷாட்" என்றார் கெல்லி. ஆபீஸ் மீட்டிங்கைத் தள்ளிப்போட்டுவிட்டு வந்த மனிதர், சொன்னபடி செய்தார்.

போன மாதம் கம்யூனிட்டி சென்டரில் படத்தைத் திரையிட்டார்கள். பரிமளாவிடம் படித்த பெண்கள் பலர் தாங்களே கார் ஓட்டி வந்திருந்தார்கள். சிவகுமார் புதுச்சட்டையில் முன்வரிசையில்.

படம் தொடங்கியது. தோசை. பட்டுச்சேலை. பின்னணியில் சிதார்! ஈரோட்டுக்கும் சிதாருக்கும் என்ன சம்பந்தம்? சரி, பொறுத்துக்கொண்டேன். அடுத்து ஒரு குரல் ஆங்கிலத்தில் சொன்னது — 'அவரது கலாசாரத்தில், பெண்கள் அனுமதிக்காகக் காத்திருக்கிறார்கள்.' திரையில் சிவகுமார். கதவைத் திறக்கிறார். முறைப்பதுபோல் பார்க்கிறார். கதவை மூடுகிறார். உடனே பரிமளாவின் முகம்: "ரொம்ப பயந்துட்டனுங்க." கீழே ஆங்கிலத்தில், 'நான் மிகவும் பயந்தேன்.'

அவ்வளவுதான். வெட்டு. ஃப்ரீவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொன்னவர் இல்லை. டிரக் இல்லை, சோடா இல்லை. சைட்வாக், விசா, பதில் வராத மெயில் எதுவும் இல்லை. இந்த ஊர் அவருக்குச் செய்ததையெல்லாம் துடைத்து எடுத்துவிட்டு, அவர் வீட்டுக்காரர் செய்யாத ஒன்றை ஒட்டவைத்திருந்தார்கள். கடைசிக் காட்சியில் பரிமளா கார் ஓட்டுகிறார், சூரியன் உதிக்கிறது.

அதற்குத்தான் அந்தக் கைதட்டல்.

நம் வீடுகளில் பெண்களை அடக்குவதே இல்லையா? நிறையவே உண்டு. நானே இந்தப் பத்திரிகைப் பத்தியில் அதை எழுதி, வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இது அந்த வீடு இல்லையே!

சிவகுமார் குனிந்த தலை நிமிரவில்லை. பக்கத்து இருக்கைப் பெண்மணி பரிமளாவின் கையைப் பிடித்து, "நீ எவ்வளவு தைரியசாலி" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, சிவகுமாரை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்... எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

பரிமளா என் பக்கம் திரும்பினார். "அக்கா, நா சொன்னதெல்லாம் எங்கீங்க்கா?"

"விடு பரிமளா. சின்னப் படம்தான. யாரு ஞாபகம் வெச்சுக்கப் போறாங்க" என்றார் சிவகுமார், மெல்லிய குரலில்.

"சின்னப் படத்துலயே உங்கள வில்லன் ஆக்கிட்டாங்கல்ல?"

பின்வரிசையிலிருந்து நம்மவர் ஒருவர், எல்லாரும் அங்கிள் என்று கூப்பிடும் பெரியவர், குனிந்து பரிமளாவின் காதில் ஓதினார். "கிரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்குல்லம்மா? எதுக்கு வம்பு? தேங்க்ஸ் சொல்லிட்டு கார வாங்கிக்கோ." இது இன்னொரு எரிச்சல். அவர்கள் நம் வாயில் வேறு வார்த்தையை வைக்கிறார்கள், நம்மவர்களோ வாயையே மூடச் சொல்கிறார்கள். எது மோசம்?

மேடையில் கெல்லி மைக்கை நீட்டினார். பரிமளா ஏறினார். ஈரோட்டு ஆங்கிலம்தான், ஆனால் தெளிவாகப் பேசினார். தமிழில் தருகிறேன்.

"இந்தப் படத்தில் இருப்பது நான் இல்லை. என் கணவர் என்னைத் தடுக்கவில்லை. அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அதோ உட்கார்ந்திருக்கிறார். நான் பயந்தது அவரைப் பார்த்து இல்லை, ஃப்ரீவேயைப் பார்த்து. நான் ஏன் கார் ஓட்டக் கற்றேன் என்று இவர்களிடம் சொன்னேன். வெட்டிவிட்டார்கள். இப்போது மறுபடியும் சொல்கிறேன்."

சொன்னார். டிரக், சோடா, குழந்தை, எல்லாம். இந்தமுறை ஒருவரும் தட்டவில்லை. பலர் தரையைப் பார்த்தார்கள். ஏன் என்று எனக்குப் புரிந்தது. சற்றுமுன் கேட்ட கதை ஏதோ ஒரு தூர தேசத்தில் நடந்தது. இது அவர்கள் தினமும் காரில் போகிற சாலையில் நடந்தது!

மறுநாள் கெல்லி போன் செய்தார். மன்னிப்புக் கேட்டார், நிஜமாகவே வருந்தினார். ஆனால் கூடவே விளக்கம். பார்க்கிறவர்கள் மனம் கனத்துப் போகக்கூடாதாம், படம் நம்பிக்கையாக இருக்க வேண்டுமாம். கடைசியில் ஒரு வரி திருத்தம் போட்டால் போதுமா என்றார். "முழுசாப் போடுங்க, இல்லாட்டி எடுத்துருங்க" என்றார் பரிமளா.

எடுத்துவிட்டார்கள். தருவதாகச் சொன்ன காரும் போயிற்று.

எனக்கு மனசு ஆறவில்லை. அந்தக் கார் அவருக்கு எவ்வளவு தேவை என்று தெரியும். போன வருடம் ஒரு மாணவி பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, கார் விளக்குக் கம்பம் வரை போய் நின்றிருக்கிறது.

"வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்காதுங்களா? ரெண்டு நாள் அழுதேன். ஆனா அந்தக் கார்ல உக்காந்தா, இவரு மூஞ்சிய எப்படிங்க்கா பாப்பேன்?"

அழுது முடித்தபின் அவர் சும்மா இருக்கவில்லை. அப்பார்ட்மெண்ட் கிளப்ஹவுஸில் மாணவிகளை வரச்சொன்னார். கேமரா இல்லை. காபி, முறுக்கு, மரியா கொண்டுவந்த சோள ரொட்டி. ஒவ்வொருத்தியும் தன் கதையைத் தனக்கு வந்த மொழியில் சொன்னாள். ஒரு நேபாளப் பெண் சொன்னதை மொழிபெயர்க்க ஆளில்லை. பாதிதான் புரிந்தது, ஆனாலும் எல்லாரும் கடைசிவரை கேட்டார்கள். மரியா மேலேயும் ஒருமுறை பீர் கேன் விழுந்திருக்கிறது, அதே சாலையில். இத்தனை வருடம் மாடியும் கீழுமாக இருந்தும், இருவருக்கும் அது தெரியாது.

போன வாரம் நகராட்சிக் கூட்டத்துக்குப் போனார்கள். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம் தருவார்கள். வரிசையாகப் போய்ச் சொன்னார்கள். எழுதிக்கொடுக்க யாருமில்லை, வெட்டவும் யாருமில்லை. சிலர் தடுமாறினார்கள். ஒருத்திக்கு நேரம் முடிந்தும் வாக்கியம் முடியவில்லை. கடைசியாகப் பரிமளா, ஜீன்ஸும் டீஷர்ட்டுமாக.

அவர் பேசி முடித்ததும் உறுப்பினர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி, நெகிழ்ந்துபோய், "தேங்க் யூ ஃபார் ஷேரிங் யுவர் பவர்ஃபுல் ஸ்டோரி" என்றார்.

இறங்கப்போன பரிமளா, மறுபடியும் மைக்கிடம் குனிந்தார்.

"ஸ்டோரி ஓவர், சார். சைட்வாக் எப்போ?"