‘வாரேன்’ என்பது எந்த வகை வாக்கியம்?

“மாடி அறைகளை முதலில் பார்க்க உனக்கு விருப்பமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள் கேரன். இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அவள் என் மேற்பார்வையாளர். விருப்பத்தைத்தானே கேட்கிறாள் என்று, “நோ, தேங்க் யூ” என்றேன். அவள் முகம் சுருங்கியது. அது கேள்வியில்லை, உத்தரவு என்று உடன் வேலை செய்யும் பெண் வந்து காதைக் கடித்தபோது எனக்குத் தலை சுற்றியது.

புதுக்கோட்டையில் நான் படித்த பள்ளியில் ஆங்கில வாக்கியம் நான்கே வகைதான்: சொல்வது, கேட்பது, ஏவுவது, வியப்பது. கடைசியில் இருக்கும் குறியைப் பார்த்தே வகையைச் சொல்லி மதிப்பெண்ணை அள்ளிவிடுவேன். வாயால் பேசும்போது அந்தக் குறி எங்கே தெரிகிறது? “ஆர் யூ ஆல்ரைட்?” என்கிறார்களே என்று என் முதுகுவலியை விவரிக்கத் தொடங்கினால், கேட்டவர் அதற்குள் நான்கு கதவு தாண்டியிருப்பார். எரிச்சலாக வரும். பிறகு யோசித்தால், புதுக்கோட்டையை ஒட்டிய எங்கள் திருக்கோகர்ணத்தில் “சாப்டாச்சா?” என்று கேட்கிறவர்கள் மட்டும் இலை போட்டுக்கொண்டா நிற்கிறார்கள்?

மார்கரெட் விஷயத்தில்தான் நன்றாக மாட்டிக்கொண்டேன். நான் கவனித்துவந்த மூதாட்டி அவர். ஒருநாள் வேலை முடிந்து கிளம்பும்போது, ஊர்ப் பழக்கத்தில் “ஐ வில் கம்” என்று கையசைத்தேன். மறுநாள் எனக்கு விடுமுறை. அவர் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலருகே உட்கார்ந்து, நான் வந்தால்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடித்திருக்கிறார்.

“ஏன் அவருக்கு வாக்குக் கொடுத்தாய்?” என்றாள் கேரன்.

“வாக்கில்லை. போகிறேன் என்றுதான் சொன்னேன்.”

“போகிறேன் என்றால், போகிறேன் என்று சொல்.”

அவள் சொன்னதில் என்ன தப்பு? “ஐ ஆம் கோயிங்” என்று சொல்லப் பழகினேன். முதலில் நாக்கு கூசியது. வருஷங்கள் ஓட, கூச்சம் போய்விட்டது.

இந்த விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, இங்கிலாந்திலேயே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பித்திருப்பதை அம்மாவிடம் சொன்னேன். அப்பா போன பிறகு அவள் தனியாகத்தான் இருக்கிறாள். “சரி” என்றாள். அது சம்மதமா, கோபமா, வெறும் ஒரு சொல்லா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கிளம்பும் நாள். ஆட்டோவில் பெட்டிகளை ஏற்றி உட்கார்ந்தேன். “அம்மா, போறேன்” என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

அம்மா பதறிப்போனாள். “என்ன ஆத்தா, கெளம்புற நேரத்துல போறேங்குற? வாரேன்னு சொல்லு.”

“வாரேன்மா.”

இதற்குப் பிறகு “சூதானமா போயிட்டு வா” என்று வரவேண்டும். எங்கள் ஊரில் எல்லா வாசலிலும் அப்படித்தான் வரும். அம்மா ஆட்டோவின் கம்பியைப் பிடித்தபடி கேட்டாள்: “எப்ப?”

‘வாரேன்’ என்று சொன்ன யாரையும் எங்கள் ஊரில் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

“போலாங்களாக்கா?” என்று ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். அம்மா கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.