சட்டைப்பையில் மடித்த மெக்கர் ரிப்போர்ட்

நான் ஒரு முட்டாள். எலெக்ட்ரிகல் கான்ட்ராக்டர் லைசென்ஸை அரசாங்கம் வருடா வருடம் புதுப்பிக்கச் சொல்லும்; என் முட்டாள்தனமோ தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்!

போதும், விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பெண்ணின் வேலையை நான் கெடுத்தேன். தெரிந்தே கெடுத்தேன். பழியை வேறொருவர் தலையில் போட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூரில் எனக்கொரு கடை. சூப்பர்வைசர் சான்றிதழ் உள்ள ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் என் லைசென்ஸுக்கு உயிர். அந்தக் கையெழுத்து திலகவதியுடையது. ஆவடி குவார்ட்டர்ஸில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியரின் மகள். டிப்ளமோ படித்தவர். என்னை ‘முதலாளி’ என்பார், அதில் மரியாதை கால் பங்கு, கேலி முக்கால் பங்கு.

லைசென்ஸைப் புதுப்பிக்க நாங்கள் இருவரும் கிண்டியிலுள்ள அரசு அலுவலகத்துக்குப் போக வேண்டும். அம்பத்தூரில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் மறுபடி ஏறி... ஒரு முழுப் பகல்! அவர் ஜன்னலோரம். நான் எதிரே, வேர்க்கடலை உரிப்பவன்.

ஒரு வருடம் நிஜமாகவே போட்டோவை மறந்துவிட்டேன். திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வாரம் மறுபடி ரயில், மறுபடி ஜன்னலோரம். உங்களுக்குப் புரிகிறதா? எனக்கு உடனே புரிந்துவிட்டது!

அதன்பின் வருடத்துக்கு ஒரு காகிதத்தை ‘மறந்தேன்’. ஒயர் கசிவைச் சோதிக்கும் மெக்கர் கருவியை வருடா வருடம் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்; அதை வைத்துத்தான் திலகவதியின் கேலி.

“முதலாளி, மெக்கரை விடுங்க, உங்க தலையை டெஸ்டுக்கு அனுப்பணும். எங்கேயோ லீக்கேஜ் இருக்கு” என்பார். நான் இளிப்பேன். வேறென்ன செய்ய?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நெமிலிச்சேரி விடுதி ஒன்றில் சூரிய ஒளி விளக்கு வேலை வந்தது. மாடியில் தகடு, கீழே பேட்டரி. எங்கள் பக்கம் எவருக்கும் அது தெரியாது. திலகவதிக்குத் தெரியும். பயிற்சிக்குப் போய்க் கற்றுவந்திருந்தார். கிராஃப் தாளில் முழு வரைபடமும் அவரே போட்டார். எங்கள் வயர்மேன் ஏழுமலை எட்டிப் பார்த்து, “இன்னாக்கா, வெயில புட்ச்சி டப்பால அடைக்கப் போறியா?” என்றான்.

“அடைச்சிட்டு உன்னைத்தான் காவலுக்கு வைக்கப் போறேன்” என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதுவரை செய்ததெல்லாம் என் கடையின் வேலை. இது அவருடைய வேலை.

விடுதிக்காரர்கள் ஒரே நிபந்தனை வைத்தார்கள். புதுப்பித்த லைசென்ஸ் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

திங்கட்கிழமை கிண்டிக்குப் போனோம். புதுப்பிக்க மெக்கரின் வருடாந்திரப் பரிசோதனை ரிப்போர்ட்டும் வேண்டும். அதை நான்காய் மடித்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். திங்கள் போனால் புதன் இருக்கிறதே... கணக்கில் நான் புலி!

“ரிப்போர்ட் எங்கே?” என்று கேட்டார் குமாஸ்தா. “டெஸ்ட் பண்றவர் இன்னும் தரலை” என்றேன். வாய் கூசவில்லை. நெஞ்சுக்கு மேல் அந்தக் காகிதம் மொரமொரத்தது.

புதன்கிழமை போனோம். கையெழுத்துப் போடும் அதிகாரி வெளியூர் போயிருந்தார். வர அடுத்த வாரமாகும்!

வேலை வேறொருவருக்குப் போயிற்று. திலகவதி பரிசோதனைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டார். “நான் அப்பவே குடுத்துட்டேம்மா” என்று அந்த மனிதர் கெஞ்சினார். நான் பக்கத்திலேயே நின்றேன். மரம்கூட அசைந்திருக்கும்... நான் அசையவில்லை.

அடுத்த மாதம் அவர் விலகிக்கொண்டார். போகும்போது கிராஃப் தாளைச் சுருட்டி எடுத்துப் போனார். அதன்பின் கிண்டிக்கு வேறொரு சூப்பர்வைசரோடு போனேன். ஒரு காகிதமும் விட்டுப்போகவில்லை. ஒரே நாளில் முடிந்தது. அந்த வேகத்தை எப்படி வெறுத்தேன் தெரியுமா? இன்றும் ரயிலில் ஜன்னலோரம் காலியாக இருந்தால் நான் உட்காருவதில்லை.

சில வருடங்கள் கழித்து அண்ணனூர் ஸ்டேஷனில் திலகவதியைப் பார்த்தேன். கையில் ஒரு ஃபைல், அவர் பெயரிலேயே லைசென்ஸ். ரயில் வர நேரமிருந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ரிப்போர்ட், சட்டைப்பை, பொய்...

“ஏன்?” என்றார்.

“உங்ககூட இன்னொரு தடவை ரயில்ல போகணும்னுதான்.”

சிரிப்பார் என்று நினைத்தேன். ரயில் வந்து நின்றது. ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார். வாசலில் நின்று திரும்பினார்.

“கேட்டிருந்தா வந்திருப்பேன்.”