எபோ கதை சொல்ல, அராபா குறுக்க பாட

எபோ குவான்சாவுக்கு லண்டன்ல நடிப்புதான் பொழப்பு. அப்படின்னு அவன் சொல்லிக்கிறான். டிவியில இத்தனை வருஷமா வாசல் காவலாளி, டாக்ஸி டிரைவர், ஒரு தடவை பொணம். பொணமா வந்தப்பதான் நல்லா நடிச்சான்னு அவன் பொண்டாட்டி அராபா பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்லுவா. மிச்ச நாள்ல பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா டிரம்மைத் தூக்கிட்டுப் போய் கானா கதை சொல்லுவான்.

ஒருவழியா கதை சொல்ல நெசமான நாடக தியேட்டர் ஒண்ணு கெடச்சுது. அந்தத் தியேட்டர் மேனேஜரம்மாவுக்குப் பிடிச்சா ஊர் ஊரா கூட்டிட்டுப் போவாங்க. பிடிக்கலன்னா திரும்பவும் காவலாளிதான்.

"இந்தா பாரு அராபா, இது நம்ம ஆளுங்க கூட்டம் இல்ல. வாயைத் தெறக்காம உக்காரு."

"நான் எதுக்குய்யா தெறக்கப் போறேன்? கொட்டாவியாவது விடலாமா?"

எபோ ஜனங்க கானாவுல ஃபான்ட்டி இனம். அவங்க கதை கேக்குற விதமே வேற. சொல்றவன் கொஞ்ச தூரம் போறதுக்குள்ள, "நிறுத்து! அன்னைக்கு நானும் அங்கதான் இருந்தேன்"னு எவளாவது எந்திரிச்சுப் பாட்டெடுப்பா. கூட்டமே கூடப் பாடும். யாருமே குறுக்க வரலன்னா கதை தேறலன்னு அர்த்தம்.

இங்கயோ வெள்ளைக்காரங்க கையை மடியில வச்சுகிட்டு, சர்ச்சுல உக்காந்த மாதிரி இருந்தாங்க. மரியாதையாம். எபோ ஆமைக் கதைய ஆரம்பிச்சான். மூச்சு சத்தம்கூட இல்ல. வேகமா சொன்னான். அப்பவும் இல்ல. டிரம்முல தாளம் தப்புச்சு. ஆமை மாமியார் வீட்டு விருந்துக்குப் போற இடத்துல அப்படியே நின்னுட்டான். மேனேஜரம்மா வாட்சைப் பாத்தா.

அராபாவும் பல்லைக் கடிச்சுகிட்டுதான் இருந்தா. எவ்வளவு நேரம் கடிக்கிறது?

"நிறுத்துய்யா! அந்த விருந்துல நானும் இருந்தேன்! மூக்கு முட்டத் தின்னுச்சே அந்த ஆமை, தட்டைக் கழுவுச்சா? கேளு!"

அதையே பாட்டா இழுத்தா. எபோ கை தானா டிரம்முக்குப் போச்சு. தியேட்டர் பையன் ஓடி வந்தான்.

"மேடம், தயவுசெஞ்சு உக்காருங்க."

"நீயும் பாடு தம்பி, சும்மா நிக்காத."

பின்னாடி ஒரு கெழவி கை தட்டுனா. அப்புறம் ஹால் முழுக்க, "தட்டைக் கழுவுச்சா?"

"கழுவல!"ன்னு எபோ கத்துனான். "ஏப்பம் விட்டுட்டுத் தூங்கிருச்சு!"

ஆட்டம் முடிஞ்சதும் மேனேஜரம்மா சிரிச்சுகிட்டே வந்தா. "எல்லா ஊருக்கும் போறோம். ஆனா உங்க வீட்டம்மா எல்லா ஊர்லயும் எந்திரிச்சுப் பாடணும்."

எபோ பொண்டாட்டி மூஞ்சியப் பாத்தான். அவ ஹேண்ட்பேக்கை மாட்டிகிட்டே சொன்னா: "எந்திரிக்கிறேன். ஆனா ஆமையப் பத்தி நான் என்ன சொன்னாலும் இவரு இல்லன்னு சொல்லக் கூடாது."

எபோ ஒத்துக்காம என்ன செய்வான்? லீட்ஸ் ஊர்ல அராபா பாட்டுல ஆமை, வீட்டுல எபோ விடுற மாதிரியே குறட்டை விட்டுச்சு. பிரிஸ்டல்ல அழுக்கு சாக்ஸை மாடிப்படியில போட்டுச்சு. அத்தனைக்கும் எபோ சிரிச்ச மூஞ்சியா டிரம் அடிச்சான்.