கூரைத் தண்ணீர் சொட்டும் இடம்

ஒரு வேலிக்காக என் வீட்டுக்காரர் தன் தம்பியின் கையைக் கடப்பாரையால் அடித்து முறித்தார். ஆந்திராவின் நகரி ஊரில், எங்கள் வீட்டுச் சந்தில், பட்டப்பகலில். எலும்பு உடைந்த சத்தம் தறிச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது.

அண்ணன் தம்பி இருவருக்கும் அடுத்தடுத்த வீடு, இரண்டிலும் பவர்லூம், நடுவே சந்து. கொழுந்தன் அன்று சந்தில் கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்துக்கொண்டிருந்தான். எங்கள் தெருவில் எல்லை என்றால் கூரைத் தண்ணீர் சொட்டும் இடம்தான். அதற்கு மேல் யாரும் பத்திரத்தைப் புரட்டுவதில்லை. மழை குழி பறித்த கோட்டின்மேல் என் வீட்டுக்காரர் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை இழுத்துக் கட்டினார். தூண்கள் நூலுக்கு இந்தப் பக்கம், ஒரு சாண் உள்ளே இருந்தன.

"எங்க எடத்துல கல்லு நட்டுக்கினு கீறியா? புடுங்குடா!"

கொழுந்தன் கம்பி வெட்டும் கட்டரால் நூலை வெட்டினான். இழுத்துக் கட்டிய பாவு நூலைக் கோபத்தில் வெட்டினால், உன் தறி நிற்கட்டும் என்று சாபம் விடுவதாக நெசவுக்காரர் வீட்டில் அர்த்தம். அடுத்த நொடி கடப்பாரை இறங்கியது. விழுந்தவனை இவர் மிதித்தார். ஓரகத்தி எறிந்த கல்லில் இவர் நெற்றி பிளந்தது. நான் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தேன். தெருவே சேர்ந்து எங்களைப் பிரித்தது.

அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் போலீஸ் கேஸ். ஆகவே கொழுந்தனை ஆட்டோவில் ஏற்றி, கட்டுப் போடப் புத்தூருக்குக் கொண்டுபோனார்கள்.

எனக்கு ஆத்திரம் தீரவில்லை. சட்டத்தாலும் ஒரு அடி கொடுக்க வேண்டும் என்று வார்டு சச்சிவாலயம் என்கிற அரசாங்க ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த பெண் தெலுங்கில் சொன்னாள்: வேலியை அவரவர் மனைக்குள்தான் போட வேண்டும். ஜோராகத் தலையாட்டினேன். கூரைத் தண்ணீரும் அவரவர் மனைக்குள்தான் விழ வேண்டும், சொட்டும் இடம் எல்லையாகாது என்றாள். தறிமேல் சாரல் அடிக்கிறதென்று போன ஐப்பசியில் சந்துப் பக்கம் கூரையை நீட்டித் தகரம் போட்டவர்கள் நாங்கள். சொட்டுக்கோடும் கூடவே நகர்ந்தது எங்கள் மண்டையில் ஏறவில்லை.

சர்வேயர் வந்து அளந்தார். தூண்கள் கொழுந்தனின் மனைக்குள்தான் இருந்தன. அதிலும் எல்லையை ஒட்டி அல்ல, ஒரு சாண் தள்ளி.

கட்டோடு உட்கார்ந்திருந்தவனிடம் கேட்டேன். "உன் எடத்த வுட்டுட்டு ஏன் தள்ளி நட்ட?"

"உங்க கதவு சந்துப் பக்கம் தொறக்குது, அண்ணி. எல்லையில நட்டா இடிக்குமேன்னுதான்."

"இத்த அன்னிக்கே வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"தகரத்தயும் நீட்டிட்டு நூலு வேற கட்றாரேன்னு கோவம் வந்துட்ச்சி."

அவனை அறையலாம் போலிருந்தது. அழுகையும் வந்தது.

தகரத்தை இவரே வெட்டி எடுத்தார். கட்டுப் பிரித்த பிறகும் கொழுந்தனின் விரல்கள் முடிச்சுப் போட மடங்கவில்லை. வேலி அங்கேயே நிற்கிறது. அண்ணனும் தம்பியும் இன்றுவரை பேசுவதில்லை. ஆனால் அந்த வீட்டுத் தறி சட்டென்று நின்றால், இவர் தன் தறியை நிறுத்திவிட்டுத் தெருவைச் சுற்றிப் போய், அறுந்த இழையை முடிந்துவிட்டு வருகிறார்.