அத்தை நாற்காலியின் பூட்டு

சக்கர நாற்காலி கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் அவர் மூத்த மெக்கானிக். மாமியார் வீட்டில் பெரிய மாப்பிள்ளை. மாமியாருக்கு அந்த மின்சார நாற்காலியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவரும் அவரே. அது வாசல் சரிவில் ஏறுவதற்குள் நத்தை ஊரைச் சுற்றி வந்துவிடும்.

"கொஞ்சம் வேகத்தைக் கூட்டி வைங்க மாப்பிள்ளை."

"உள்ள இருக்கிற சாஃப்ட்வேர் கம்பெனியோடது அத்தை. காப்புரிமைச் சட்டம் இருக்கு. வேகத்துக்கு அவங்க போட்ட பூட்டை உடைச்சா என் வேலை போயிரும்."

"நாற்காலி என்னுது, வேகம் மட்டும் அவனுதா?"

அவர் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுவிட்டுக் கிளம்பினார்.

செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த சின்ன மாப்பிள்ளை, ஒருநாள் பேச்சோடு பேச்சாக அந்தப் பூட்டை உடைத்து வேகத்தைக் கூட்டிவிட்டான். மாமியார் சரிவில் சர்ரென்று ஏறினாள். "அது கையில்லடி, மந்திரம்!" என்று மகள்களிடம் மெச்சினாள். பெரியவரின் மனைவியும் தலையாட்டினாள்.

மறுநாளே அவர் கம்பெனிக்குப் புகார் எழுதினார். சகலையின் கடைக்கு ஒரு மிரட்டல் கடிதம் போகும், அவன் மூக்கு உடையும் என்பது அவர் போட்ட கணக்கு. கம்பெனி கடையைக் கண்டுகொள்ளவே இல்லை. நாற்காலிக்குள் இருந்த சிம் வழியாக நாற்காலியையே முடக்கிவிட்டது. மாமியார் சரிவின் நடுவில் அப்படியே நின்றுபோனாள்.

இரு மாப்பிள்ளைகளும் ஓடிவந்தார்கள்.

"எவனோ போட்டுக் குடுத்திருக்கான் அண்ணே. நல்லா இருக்கட்டும்" என்றபடி சின்னவன் பையைத் திறந்தான்.

"நீங்களே பாருங்க சின்ன மாப்பிள்ளை. பெரியவரை இதுல இழுக்காதீங்க, பாவம், பயப்படுவார்" என்றாள் மாமியார்.

அந்தப் 'பாவம்' அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. பூட்டைத் திறக்கும் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும். அடித்தால் கம்பெனியில் அவர் பெயர் பதிவாகும். வேலைக்கு வேட்டுதான்.

"தள்ளுடா!"

சகலையை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவன் பையிலிருந்த லேப்டாப்பை மாட்டி, பாஸ்வேர்டை அடித்தார். சிம்மைப் பிடுங்கி எறிந்தார். சின்னவன் வைத்திருந்த வேகத்துக்கு மேல் இன்னொரு படி கூட்டினார்.

"ஐயோ, வேலை?" என்றாள் வாசலில் நின்ற மனைவி.

"போனா மயிரே போச்சு!"

நாற்காலி சீறிக்கொண்டு மேலேறியது. அவர் மாமியாரைப் பார்க்கவில்லை. சகலையின் முகம் சுண்டுகிறதா என்று பார்த்தார்.

அவனோ விசிலடித்துக் கைதட்டிக்கொண்டிருந்தான், பாழாய்ப்போனவன்.