ஒரே தலைக்கு இரண்டு வேண்டுதல்

எனக்கு எழுபத்தைந்து முடிந்த அன்று திருப்பதியில் ஒரு சின்ன மண்டபம் பிடித்து விழா எடுத்தார்கள். வேண்டாம் என்று நான் சொன்னது உண்மை. அதை அவ்வளவு அழுத்தமாகச் சொல்லவில்லை என்பதும் உண்மை. தெலுங்கு நாடகத்துக்கு நான் செய்ததையெல்லாம் ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து சொன்னார்கள். மேடை நாடகங்கள், ரேடியோ நாடகங்கள், அரசாங்கம் போர்த்திய சால்வை, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே எழுதியது, கணவர் இறந்த வருஷத்திலும் விடாமல் எழுதியது. யாரோ பக்கத்து வீட்டு அம்மாளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் மேல் எனக்கும் கொஞ்சம் மரியாதை வந்தது.

பிறகு என் மகள் பழைய புகைப்படங்களைத் திரையில் காட்டினாள். முதல் படத்தில் மொட்டைத் தலையில் காகிதக் கிரீடத்தோடு ஒரு பிள்ளை முறைத்துக்கொண்டு நிற்கிறது. இந்தப் பையன் யார் என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். அது நான்தான்.

என் முதல் நாடகம் என்று விழாவில் ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். அது தவறு. முதல் நாடகத்தைப் பத்து வயதில் எழுதினேன், தமிழில் எழுதினேன். அதில் ஒரு வரிகூட இப்போது கைவசம் இல்லை. அந்த நாடகத்துக்கும் என் தலைமுடிக்கும், என் தலைமுடிக்கும் ஆந்திர எல்லைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. மேடையில் அதைச் சொல்ல ஆரம்பித்திருந்தால் சாப்பாடு ஆறிப்போயிருக்கும்.

எங்கள் ஊர் நகரிக்குப் பக்கத்தில். ஆந்திரா தனியாகப் பிரிந்து சில வருஷங்கள் ஆகியும் எங்கள் பக்கத்து ஊர்களில் எது எந்த ராஜ்யத்துக்கு என்பது மட்டும் முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்தது. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் போர்டு ஸ்கூலில் தமிழ் வாத்தியார். ஊர் மெட்ராஸோடு சேர வேண்டும் என்பது அவர் கட்சி. மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், வேர்க்கடலை வியாபாரி. அவருக்கு மில்லும் மண்டியும் புத்தூர், திருப்பதி என்று அந்தப் பக்கமே இருந்ததால் ஊர் ஆந்திராவில்தான் நிற்க வேண்டும் என்பார். வியாபாரத்தைத் தெலுங்கில் பேசிவிட்டு வந்து சண்டையைத் தமிழில் போடுவார்.

பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள். நைனாவின் தங்கைதான் மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோறு எங்கள் வீட்டில் என்பது நான் பிறப்பதற்கு முன்பே ஏற்பட்ட வழக்கம். நைனாவும் மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், எல்லையைப் பற்றிச் சத்தம் போடுவார்கள், வெற்றிலை போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் என் தலை பேச்சுக்கு வந்தது.

எனக்கு முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். அம்மா அதை எண்ணெயும் சீயக்காயுமாகப் போட்டு வளர்த்திருந்தாள். நைனா என் பின்னலைப் பார்த்துக்கொண்டே, "நம்ம ஊரு மெட்ராஸோட சேந்துச்சின்னா இவ முடிய ஏழுமலையானுக்குக் குடுத்துர்றேன்" என்றார்.

மாமா எலும்பைக் கீழே வைத்தார். "நீ இன்னா குடுக்கறது? மொத மொட்டைக்கு மடி குடுத்தவன் நானு. ஊரு ஆந்திராவுல நின்னுச்சின்னா இந்த முடிய நான் குடுக்கறேன், பாத்துக்க மச்சான்."

எங்களில் முதல் மொட்டை தாய்மாமன் மடியில்தான். அதனால் என் தலைமேல் மாமாவுக்கு இருந்த பாத்தியதையை யாரும் மறுக்க முடியவில்லை. ஒருவருக்குப் பெற்ற உரிமை, இன்னொருவருக்கு மடி கொடுத்த உரிமை. இருவரும் சாமியை முன்வைத்துச் சொல்லிவிட்டார்கள். நான் மெதுவாக யோசித்துப் பார்த்து அம்மாவிடம் கேட்டேன். "யாரு ஜெயிச்சாலும் எனக்குத்தான் மொட்டையா?"

"வாய மூடிக்கினு துன்னு" என்றாள் அம்மா.

அதன்பிறகு இரண்டு ராஜ்யங்களுக்கும் தோல்வி வேண்டும் என்று தினமும் கும்பிட்ட ஆள் அந்தத் தாலுகாவில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். எந்த ராஜ்யத்திலும் சேராத ஊர் இருக்க முடியுமா என்று டீச்சரிடம் கேட்டேன். நன்றாகப் படிக்கிற பிள்ளை இப்படிக் கேட்கலாமா என்று அவர் வருத்தப்பட்டார். ஆனால் ஆண்டுவிழாவுக்கு நானே ஒரு நாடகம் எழுதிக்கொண்டு வருகிறேன் என்றபோது சரி என்று சொல்லிவிட்டார்.

நாடகத்தின் கதை எளிது. ஒரு ராணி. அவளை ஏமாற்றிக் கஜானாவைக் கொள்ளையடிக்கும் மந்திரி. காவல்காரர்கள் எல்லாரும் தூங்கிவிட்ட நேரத்தில் ராணி தன் பின்னலையே சாட்டையாக வீசி மந்திரியை விளாசி உண்மையைக் கக்க வைக்கிறாள். ராணி நான். மந்திரி மாமாவின் மகள், என் வயதுதான். ஒத்திகையில் அவள் முதுகில் பட்டதைவிட என் கழுத்தில் விழுந்த சுளுக்கு அதிகம். ஆனாலும் அந்தக் காட்சிக்கு எல்லாப் பிள்ளைகளும் கைதட்டினார்கள். கைதட்டல் என்பது இன்ன சுகம் என்று முதன்முதலில் அங்கேதான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு மனுஷிக்கு வேறு எதிலும் புத்தி போகவில்லை.

எதிலும் என்றால் வீட்டில் நடந்ததிலும். அதிகாரிகள் விசாரிக்க வந்தபோது நைனா ஒரு கூட்டத்தோடு போய் நின்றார், மாமா இன்னொரு கூட்டத்தோடு போய் நின்றார். திரும்பும்போது சந்தையில், நாலு பேருக்கு முன்னால், இருவரும் பேசக்கூடாததைப் பேசிவிட்டார்கள். மாமா நைனாவைச் சம்பளத்துக்குத் தமிழ் பேசுகிறவன் என்றாராம். நைனா மாமாவை மூட்டைக்கு ஊரை விற்கிறவன் என்றாராம். அன்றோடு பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமைச் சோறும் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் மாமா இருமினால் இந்தப் பக்கம் நைனா எழுந்து வெளியே போய்விடுவார்.

ஒரு நாள் சாயங்காலம் நைனா அம்மாவிடம் சொன்னார்: "நம்ம ஊரு கெடைக்கலன்னா நான் அந்தப் பக்கம் மாத்தலுக்கு எழுதிப் போட்டுருவேன். வீட்டப் பூட்டிக்கினு போயிர்லாம். உங்க அண்ணன் மூஞ்சில முழிச்சிக்கினு இங்க இருக்க முடியாது." அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் நின்றது, பிறகு மறுபடியும் கேட்டது. நான் கிரீடத்துக்குப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

திருத்தணி மெட்ராஸுக்குப் போனது. நாங்கள் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். டீக்கடை ரேடியோவில் கேட்டுவிட்டு வந்து நைனா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாமாவின் ஆட்கள் வெடி வாங்கி வந்தார்கள். எங்கள் தெருவில் வைக்க வேண்டாம் என்று மாமா அவர்களைத் திருப்பி அனுப்பியதைப் பார்த்தேன். எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. பின்னலைச் சுருட்டி ரிப்பனால் இறுக்கிக் கட்டி, முக்காடு போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போய்வந்தேன். மாமா கத்திரிக்கோலோடு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வரவில்லை. ஒரு வாரம் போனதும் தப்பித்துவிட்டதாகவே நம்பினேன்.

என்னைப் பிடித்துக் கொடுத்தது அம்மா. "இவ நட்சத்திரம் வருது. பொறந்தநாளுக்கு மலைக்குப் போயிட்டு வந்துர்லாம். எங்க அண்ணன் வேண்டினது ஒண்ணு நிக்குது" என்று நைனாவிடம் அவளேதான் எடுத்துக் கொடுத்தாள். நைனா, சாமிக்குச் சொன்னதைச் செய்துவிட வேண்டியதுதான் என்றார். அம்மா சுவரருகில் போய்க் குரல் கொடுத்தாள். மாமா அந்தப் பக்கத்திலிருந்து, "அது ஏதோ கோவத்துல சொன்னது, கொழந்த முடி பாவம், நான் வேணா எம்முடியக் குடுத்துக்கறேன்னு சொல்லும்மா" என்றார். "சாமிகிட்ட மாத்திப் பேசக்கூடாதுன்னு சொல்லு" என்றார் நைனா. இருவர் குரலும் இருவருக்கும் தெளிவாகக் கேட்டது. இருந்தாலும் அம்மா ஒவ்வொன்றையும் திருப்பி ஒருமுறை சொன்னாள்.

மாமாவே வேண்டாம் என்கிறார், வளர்த்தவள் வெட்டச் சொல்கிறாள். நான் அழுதேன், சோற்றைத் தள்ளினேன், ஆண்டுவிழா முடிந்ததும் போகலாம் என்று காலைப் பிடித்தேன். அம்மா அசையவில்லை. அப்போது அவள்மேல் வந்த கோபம் நிஜமான வெறுப்பு. பிற்காலத்தில் நான் எழுதிய கெட்ட மாமியார்களுக்கெல்லாம் அந்த ஒரு வாரத்து அம்மாவின் முகத்தைத்தான் கொடுத்தேன்.

நகரியில் பஸ் ஏறினோம். நைனா முன்சீட்டில், மாமா கடைசி சீட்டில். நடுவில் நானும் அம்மாவும். வடமாலபேட்டையில் மாமா இறங்கிப் பொரி உருண்டை வாங்கி ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அம்மா வாங்கிப் பாதியை முன்சீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். பாதி திரும்பி வந்தது.

மலைமேல், மொட்டை போடும் கல்யாணகட்டாவில் மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பத்து வயதுப் பெண் மடியில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும், என் முழங்கால் அவர் முகவாய்க்கு வந்தது. நாவிதர் தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்தார். முடி விழ விழ மாமாவின் கண்ணீர் என் பிடரியில் விழுந்தது. ஜெயித்தவர் ஏன் அழுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு வேறு கவலை. இனி ராணி எதை வைத்து மந்திரியை அடிப்பாள்?

பாதித் தலை முடிந்திருக்கும். அடிக்கவே வேண்டாம் என்று தோன்றியது. ராணி மொட்டை அடித்துக்கொண்டு வந்து பரதேசிபோலத் தன் அரண்மனை வாசலிலேயே உட்காரட்டும். மந்திரிக்கு அடையாளம் தெரியாது. அவனே வந்து எல்லாவற்றையும் உளறட்டும். அப்புறம் அவள் கிரீடத்தை எடுத்து வைத்துக்கொள்ளட்டும். சந்தனம் பூசும்போது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பைத்தியம் பிடித்ததோ என்று மாமா பயந்து என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

தரிசனத்துக்குச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். சத்திரத்து நடையில் அம்மா கட்டுச்சோற்றைப் பிரித்தாள். புளிசோறு, உளுந்து வடை. இரண்டு இலைகளை ஒட்டி ஒட்டிப் போட்டாள். நைனா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார், ஆனால் இலையைத் தள்ளிப் போட்டுக்கொள்ளவில்லை. மாமா வந்து உட்கார்ந்தார். இருவரும் குனிந்து சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு இலை போட்டுவிட்டு அம்மா தூணோரம் நின்றாள், தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

மாமா தன் இலையிலிருந்து ஒரு வடையை எடுத்து நைனாவின் இலையில் வைத்தார். "நீ மொதல்ல வடையத்தான துன்னுவ மச்சான்" என்றார். நைனா அதைப் பார்த்தார். பிய்த்தார். சாப்பிட்டார். பிறகு இலையைப் பார்த்துக்கொண்டே, "இவள ஜூன்ல தெலுங்கு செக்ஷன்ல சேத்துர்லாம்னு பாக்கறேன். இங்கியே இருக்கறதுன்னு ஆயிப்போச்சி, மச்சான்" என்றார். மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

அம்மா தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து என் மடியில் போட்டாள். மொட்டைத் தலைக்காரிக்கு எதற்குப் பூ என்று நான் சீறினேன். "தோ வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். திரும்பி வந்தபோது அவள் தலையிலும் சந்தனம். நைனா எழுந்து நின்றுவிட்டார். மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, எனக்குத் துணைக்கா என்று கேட்டேன். ஆமாம் என்றாள்.

நாடகம் நன்றாக நடந்தது. பின்னல் வைத்து எழுதியதைவிட மொட்டை வைத்து எழுதியது நல்ல நாடகம், அந்த வயதிலேயே எனக்கு அது தெரிந்தது. ஜூனில் தெலுங்கு செக்ஷனுக்குப் போனேன். முதலில் அழுதேன், பிறகு படித்தேன், பிறகு அதிலேயே எழுதினேன். அதிலேயே எழுபத்தைந்தும் ஆகிவிட்டது.

மகள் மொட்டைத் தலையோடு மேடையேறக் கூசக்கூடாதே என்று தானும் மொட்டை போட்டுக்கொண்ட தாய் என்று எத்தனையோ பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன். விழாவில் என் மகளும் அதையே சொன்னாள், எல்லாரும் உருகிக் கைதட்டினார்கள். நான் திருத்தவில்லை. அம்மா போய்ப் பல வருஷம் கழித்து, என் வீட்டிலும் இரண்டு ஆண்கள் பேசாமல் இருந்த ஒரு காலத்தில்தான் எனக்கு உறைத்தது. வேண்டியது நடந்த பிறகுதான் யாரும் முடி கொடுப்பார்கள். அந்த வீட்டில் மூன்றாவதாக ஒரு வேண்டுதல் இருந்திருக்கிறது. அது பலிக்கத்தான் என் முடியைச் சாக்காக வைத்து எல்லாரையும் மலைக்கு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

மாமாவின் வடையை நைனா பிய்த்து வாயில் போட்ட அந்த நேரத்தில் அம்மா சட்டென்று தூணைப் பிடித்துக்கொண்டாள். நானும் பார்த்தேன். பாவம், பசி மயக்கம் என்று நினைத்து, கோபத்தை ஒரு நிமிஷம் ஒதுக்கிவைத்து, என் இலையிலிருந்த வடையை எடுத்து அவளிடம் நீட்டினேன்.