ஷர்லி வேகம் கூட்டிய கம்ப்யூட்டர்

அறந்தாங்கி தாலுகா ஆபீசுக்கு எதிர்ப்பக்கம் உடையப்பன் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் இரண்டே பேர்தான் வேலை பார்த்தார்கள். ஒருத்தி ஷர்லி. வல்லத்திராக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், இருபத்தாறு வயது. இன்னொருத்தி கண்ணாத்தாள், ஐம்பதை நெருங்குகிறவள். தட்டச்சில் தமிழும் இங்கிலீஷும் ஹையர் பாஸ் செய்தவள். கீபோர்டைப் பார்க்கவே மாட்டாள். எதிரே நிற்கிறவரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே மனுவை அடித்து முடித்துவிடுவாள். சாதிச் சான்று, பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன் என்று எதற்கு வந்தாலும் சனம் நேரே அவள் மேஜைக்குத்தான் போகும். ஷர்லிக்கு முன்னால் போட்டிருந்த நாற்காலி பாதி நாள் காலியாகக் கிடக்கும்.

இருவரிடமும் இருந்தவை ஒரே நாளில் வாங்கிப்போட்ட கம்ப்யூட்டர்கள். பன்னிரண்டு வருஷப் பழசு. சுவிட்சைப் போட்டுவிட்டு வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆடி பிறந்த வாரம் உடையப்பன் இருவரையும் கூப்பிட்டார்.

"இப்ப எல்லாப் பயலும் போன்லயே அப்ளை பண்ணிக்கிறான். ரெண்டு ஆளு எனக்குச் சாஸ்தி. மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். யாரு வெரசா முடிக்கிறீங்களோ அவங்க இருங்க."

அவர் போனதும் கண்ணாத்தாள் ஷர்லியின் முதுகில் தட்டினாள். "மொகத்த ஏண்டி இப்படி வச்சிருக்க? அண்ணன்கிட்ட நான் பேசுறேன். ஆளுக்கு அரை நாள்னாலும் ரெண்டு பேரும் இருப்போம்."

அந்த இரக்கம்தான் ஷர்லியைச் சுட்டது. கைவேகத்தில் கண்ணாத்தாளை ஒருநாளும் ஜெயிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் கம்ப்யூட்டரைப் பிரித்து மாட்டியவள் அவள். அந்தப் படிப்பை இந்தக் கடையில் யாரும் கேட்டதே இல்லை.

மறுநாள் தன் சிபியுவைத் திறந்தாள். உள்ளே தூசி பஞ்சுப்பொதிபோல அடைந்திருந்தது. பிரஷ்ஷால் தட்டி எடுத்தாள். ஃபேனுக்கு அடியில் காய்ந்து சுண்ணாம்பாகிப்போன, சூடு தணிக்கும் பேஸ்டைச் சுரண்டிப் புதுசு தடவினாள். இரைச்சல் போட்ட பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு, தம்பியின் உடைந்த லேப்டாப்பிலிருந்த எஸ்எஸ்டியை மாட்டினாள். அன்று சுவிட்சைப் போட்டு நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் திரை வந்துவிட்டது.

கண்ணாத்தாள் வாயைப் பிளந்தாள். "அடி ஆத்தே! என்னடி வித்தை பண்ணுன? என்னோடதையும் ஒரு கை பாத்துவிடேன்."

"பாக்குறேன்க்கா."

மதியம் சாப்பாட்டு நேரத்தில் கடையில் யாரும் இல்லை. கண்ணாத்தாள் போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டாள். ஷர்லி ஒழுங்காகத்தான் தூசி தட்டினாள். ஃபேனைத் துடைத்தாள். பிறகு அவள் கை நின்றது. உள்ளே கம்ப்யூட்டரின் நினைவகமான ராம் பட்டைகள் இரண்டு அருகருகே இருந்தன. ஒன்றை எடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் செத்துப்போகாது. திரையில் ஒரு பக்கத்தைத் திறந்தால் அடுத்த பக்கம் வராமல் உறைந்து நிற்கும், அவ்வளவுதான். ஷர்லி இரண்டு முனைக் கொக்கியையும் அழுத்தி ஒன்றை உருவினாள்.

"அது என்னடி?"

"ராம்க்கா. ஒண்ணு கெட்டுப்போச்சு. உள்ள கெடந்தா இன்னும் இழுக்கும்."

"கெட்டதுன்னா கடாசிரு." வெளிச்சத்தை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தாள் கண்ணாத்தாள்.

மறுநாள் அவள் வருவதற்கு முன்பே அந்தப் பட்டை ஷர்லியின் கம்ப்யூட்டருக்குள் ஏறியிருந்தது.

அதன்பிறகு கண்ணாத்தாள் அடித்த எழுத்து ஒரு நிமிஷம் கழித்துத்தான் திரையில் வந்தது. விழவில்லையோ என்று மறுபடி அடிப்பாள். 'வீரய்யா' என்ற பெயர் 'வீவீரய்ய்யா' என்று வந்து நிற்கும். அழித்து அடிப்பதற்குள் பக்கமே உறைந்துபோகும். ஒரு பென்ஷன் மனுவுக்கு முக்கால் மணி நேரமானது. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக ஷர்லி பக்கம் நகர்ந்தார்கள். மாசக் கடைசியில் உடையப்பன் அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்: "ஏம்மா, கை நடுங்குதா, கண்ணு தெரியலயா?"

"மெஷின்தான் இழுக்குதுண்ணே."

"ஷர்லி மெஷினும் அதே வருசத்துதானே?"

கண்ணாத்தாள் ஷர்லியைப் பார்த்தாள். நீயாவது சொல்லேன் என்பதுபோலப் பார்த்தாள். ஷர்லி ஒரு கிழவரின் ஆதார் அட்டையை ஸ்கேனரில் திருப்பி வைத்தாள். சனிக்கிழமையோடு கண்ணாத்தாள் நின்றுவிட்டாள்.

பத்து நாள் கழித்து, கண்ணாத்தாளின் கம்ப்யூட்டரைத் தன் மகள் படிப்புக்கு வீட்டுக்குக் கொண்டுபோவதாகவும் அதைச் சரிசெய்து தரும்படியும் உடையப்பன் சொன்னார். ஷர்லி அவர் வெளியே போன நேரம் பார்த்து, தன் மெஷினிலிருந்த அந்த ராமைக் கழற்றி அதிலேயே மறுபடி போட்டாள். அவர் வந்து ஓட்டிப் பார்த்தார். பழசு பழசாகத்தான் இருந்தது, ஆனால் எழுத்து எங்கும் உறையவில்லை. அவர் திரையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார்.

"பொழச்சுக்கிருவ." மெஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

அன்றிலிருந்து இரண்டு பேர் வேலையும் அவள் தலையில் விழுந்தது. லீவு கேட்டால் அதே சிரிப்புதான் பதில்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கண்ணாத்தாள் எதிரே வந்தாள். மீமிசலில் இறால் உரிக்கப் போவதாகச் சொன்னாள். நாள் முழுக்க ஐஸில் கிடந்த விரல்கள் வெளுத்து வீங்கி, நகத்தைச் சுற்றித் தோல் உரிந்திருந்தன.

"அங்கிட்டும் வெரசாத்தான் உரிக்கச் சொல்றாங்க. எனக்குத்தான் கை ஓட மாட்டேங்குது. வயசாயிருச்சுல்ல? என் மெஷின நீ எம்புட்டோ பாத்துக் குடுத்த, ஒன்ன என்ன சொல்ல முடியும்?" என்றவள், பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "வீட்டுக்குக் கொண்டு போ. நல்ல எறா."

ஷர்லி வாங்கிக்கொண்டாள். புதுக்கோட்டை பஸ் வந்தது. "வாரேன்க்கா" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தாள்.

வீட்டில் அம்மா அதை மிளகுபோட்டு வறுத்தாள். ருசியாக இருந்தது. ஷர்லி இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டாள்.